காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது? – ராயபுரம் முதல் கிளவுட் வரை

ராயபுரம் பக்கம் போயிருப்பவர்களுக்கு ஜீரோ கேட் தெரிந்திருக்கும். சென்னைத் துறைமுகத்துக்குள் கண்டெய்னர் லாரிகள் நுழையும் வாசல் அது. அங்கிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே போகும் சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் காட்சியைப் பார்க்காத வடசென்னைவாசி இருக்க மாட்டார். வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் டிரைவர், கேபினுக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கும் கிளீனர்... இது பல வருடங்களாக அந்தச் சாலையின் அடையாளம்.

ஏன் நிற்கிறார்கள்? ரோடு சின்னது, வண்டி அதிகம் என்பது பாதி பதில். மீதிப் பதில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கண்டெய்னர் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் அதற்கு முன்னால் ஏழெட்டு வேலைகள் சரியான வரிசையில் முடிந்திருக்க வேண்டும். ஒன்று தாமதமானாலும் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் நிற்கும். கடைசியில் நிற்பது லாரி.

"எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை?" என்று வரிசைப்படுத்துவதற்கு இன்று மென்பொருள் வந்துவிட்டது. அதையே கிளவுட்டில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். டேட்டா பைப்லைன், ஒர்க்ஃப்ளோ ஷெட்யூலர் என்றெல்லாம் பெயர். ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்று இறங்கிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதே கேள்வியோடு வடசென்னை நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடிகாரம் வந்த கதை

1856 ஜூன் 28 அன்று மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் ஓடிய முதல் பாதை அதுதான். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது 1873-ல். அதுவரை மதராஸுக்கு ரயில் நிலையம் என்றால் ராயபுரம்.

ரயிலோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது: கால அட்டவணை. கப்பல் காற்றுக்குக் காத்திருக்கும், மாட்டு வண்டி ஆள் சேரக் காத்திருக்கும். ரயில் யாருக்கும் காத்திருக்காது. இத்தனை மணிக்குப் புறப்படும் என்றால் புறப்படும்.

ஆனால் எந்த ஊர் மணி? அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம். கிரீன்விச்சைவிட பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம் முந்தி, கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் முந்தி. இரண்டுக்கும் நடுவே மதராஸ் நேரம், சுமார் 5 மணி 21 நிமிடம். அதை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானியல் ஆய்வகம் கணித்துக் கொடுத்தது. இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவில் இருந்ததால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தையே பொது நேரமாக வைத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம், அதாவது 5 மணி 30 நிமிடம், நடைமுறைக்கு வந்தது.

வேலையை வரிசைப்படுத்தும் முதல் வழி இது. கடிகாரத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குவது. எளிமையானது, யாருக்கும் புரியும். ஆனால் ஒரு குறை உண்டு. முந்தைய வேலை முடிந்ததா என்று கடிகாரம் பார்ப்பதில்லை. மணி அடித்தால் சரி. இந்தக் குறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடலுக்கு மணி தெரியாது

ரயிலுக்கு மணி சொல்லலாம். கடலுக்குச் சொல்ல முடியுமா? மதராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அலை பெரிதாக இருந்தால் படகு போகாது. கப்பல் காத்திருக்கும், சரக்கு காத்திருக்கும், வியாபாரி காத்திருப்பார்.

1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1872 புயலில் அது சேதமானது. 1875-ல் இங்கே வந்த வேல்ஸ் இளவரசர் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். சுவர்கள் எழும்பி வந்த நேரத்தில், 1881 நவம்பர் புயல் அவற்றையும் உடைத்தது. பிறகு மீண்டும் கட்டினார்கள். 1904 முதல் 1919 வரை போர்ட் டிரஸ்ட் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கே இருந்த வாசல் மூடப்பட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல் உள்ளே வந்து அமைதியான தண்ணீரில் நின்று சரக்கு இறக்குவது ஒழுங்கானது.

மேஸ்திரியின் விரல்

கடல் அடங்கியது. ஆனால் கப்பல் வரும் நாளை அப்போதும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கு நான்கு கப்பல், நாளைக்கு ஒன்றுமில்லை. நான்கு கப்பல் வரும் நாளில் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், இல்லாத நாளில் ஒருவரும் வேண்டாம்.

இதற்கு உலகத் துறைமுகங்கள் எல்லாம் கண்டுபிடித்த வழி ஒன்றே. தேவைக்கு மேல் ஆட்களை வாசலில் நிற்க வைப்பது. விடிகாலையில் கூட்டம் கூடும். மேஸ்திரி வருவார். "நீ வா, நீ வா" என்று விரல் நீட்டுவார். விரல் படாதவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். லண்டனில், கல்கத்தாவில், பம்பாயில், மதராஸில் எல்லாம் இதே காட்சி. மேஸ்திரிக்கு வேண்டியவருக்கு வேலை, கமிஷன் கொடுத்தவருக்கு வேலை.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், கப்பல் எப்போது வரும் என்று தெரியாத ரிஸ்க் முழுவதையும் கூலித் தொழிலாளி சுமந்தார். கப்பல் கம்பெனிக்கு அது பைசா செலவில்லாத ரிசர்வ். 1931-ல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன் (இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன்) இந்தத் தற்காலிகக் கூலி முறையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொன்னது. ஆனால் சட்டமாக வர சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வந்ததற்கே படி

1948-ல் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. அதன் கீழ் ஒவ்வொரு பெரிய துறைமுகத்துக்கும் தனித் திட்டம். மதராஸ் துறைமுகத்தின் 1956-ஆம் ஆண்டுத் திட்டத்தை இன்று படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அதை நடத்தியது டாக் லேபர் போர்டு. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்திருந்த அமைப்பு.

திட்டத்தின் சாரம் இதுதான்:

ஒன்று, தொழிலாளர்களுக்குப் பதிவேடு. பெயர் பதிந்தவர்களுக்குத்தான் வேலை.

இரண்டு, எந்தக் கப்பலுக்கு எத்தனை கேங் வேண்டும் என்று ஸ்டீவடோர் கம்பெனி போர்டிடம் கேட்க வேண்டும். ஆளைத் தானே பொறுக்க முடியாது. ரிசர்வ் பூலில் இருந்து போர்டு முறை வைத்து ஆள் அனுப்பும். நேற்று வேலை பார்த்தவர் வரிசையின் கடைசிக்குப் போவார். மேஸ்திரியின் விரலுக்கு வேலை போனது.

மூன்றாவதுதான் முக்கியம். வேலைக்குத் தயாராக வந்து நின்று, வேலை கிடைக்கவில்லை என்றாலும் வருகைப் படி உண்டு. மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் உத்தரவாதம் உண்டு. வேலைக்கு அனுப்பப்பட்டுப் போன பிறகு, தன் தவறு எதுவும் இல்லாமல் வேலை தொடங்க முடியாமல் போனால் அதற்கும் ஒரு தொகை. அதன் பெயர் 'டிஸ்அப்பாயிண்ட்மெண்ட் மணி'. ஏமாற்றத்துக்குக் கூலி! அரசாங்க ஆவணத்தில் இப்படி ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வரும்? ஆள் கேட்கும் கம்பெனிகளிடம் கூலிக்கு மேல் ஒரு லெவி வசூலித்தார்கள். அதாவது, தொழிலாளி காத்திருக்கும் செலவை, அந்தக் காத்திருப்பால் லாபம் அடைபவரின் கணக்கில் எழுதினார்கள். பிரிட்டனில் 1947-ல் இதே மாதிரி ஒரு தேசியத் திட்டம் வந்தது, 1989-ல் தாட்சர் அரசு அதை ரத்து செய்தது. இந்தியாவில் 1997-ல் வந்த சட்டம், பெரிய துறைமுகங்களில் இந்த போர்டுகளை போர்ட் டிரஸ்ட்டோடு இணைக்க வழி செய்தது.

போர்டு குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் வெளியேதான் நின்றார்கள், செலவு அதிகம் என்று கம்பெனிகள் புலம்பின. ஆனால் காத்திருப்பும் ஒரு செலவு, அதை யாராவது கணக்கில் எழுதியாக வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது.

அம்புக்குறிகள்

இதே 1950-களில் அமெரிக்காவில் வேறு ஒரு முயற்சி நடந்தது. பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்கள் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் தாளில் முட்டி மோதும் 'பெர்ட்', 'சி.பி.எம்.' இரண்டும் பிறந்தது அப்போதுதான். டூபாண்ட் கம்பெனி தன் ஆலை வேலைகளுக்காக சி.பி.எம்.-ஐயும், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட்டையும் 1957-58 வாக்கில் உருவாக்கின. பரீட்சைக்கு வட்டம் போட்டு அம்பு போடுவோமே, அதேதான். 'அ' முடிந்தால்தான் 'ஆ', இரண்டும் முடிந்தால்தான் 'இ'. அம்பு எங்கும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே தொடக் கூடாது. தொட்டால் ஒருவருக்கொருவர் காத்திருந்து இருவருமே கிளம்ப மாட்டார்கள்.

கணினிக்கும் இந்தப் படம் வந்து சேர்ந்தது. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற நிரலை எழுதினார். எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டால், மாறியதை மட்டும் சரியான வரிசையில் அது மறுபடி தயாரிக்கும். திருத்திய கோப்பை மறுபடி தொகுக்காமல், ஏற்கெனவே சரியாகிவிட்ட நிரலில் தவறு தேடிக் காலைப்பொழுதை வீணடித்த சக ஊழியரின் அவதிதான் அதற்குத் தூண்டுகோல்.

1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கிரான்' இருந்தது. இது அம்பு பார்க்காது, மணி பார்க்கும். இரவு 2 மணிக்கு இதைச் செய், 3 மணிக்கு அதைச் செய் என்று எழுதி வைத்தால் தவறாமல் செய்யும். ராயபுரம் கால அட்டவணையின் கணினி வடிவம். நன்மையும் அதே, குறையும் அதே.

பெட்டியும் காகிதமும்

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் தனிக் கண்டெய்னர் முனையம் தொடங்கியது. 2001-ல் அது தனியார் நிர்வாகத்துக்குப் போனது, 2009-ல் இரண்டாவது முனையமும் வந்தது. மூட்டை தூக்கும் கேங்குகளின் இடத்தில் கிரேன் வந்தது. முன்பு டாக் வாசலில் ஆட்கள் நின்றார்கள். இப்போது கேட் வாசலில் லாரிகள் நிற்கின்றன. வரிசை ஒழியவில்லை, சுவருக்கு வெளியே வந்துவிட்டது.

ஒரு இறக்குமதிக் கண்டெய்னர் வெளியே வரும் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட், கப்பலில் என்னென்ன இருக்கிறது என்ற சரக்குப் பட்டியலை கஸ்டம்ஸுக்குக் கொடுக்க வேண்டும். இறக்குமதியாளரின் கஸ்டம்ஸ் புரோக்கர் 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்ய வேண்டும். அது அந்தப் பட்டியலோடு பொருந்த வேண்டும். வரி மதிப்பீடு, வரி கட்டுதல், தேவைப்பட்டால் பெட்டியைத் திறந்து சோதனை. எல்லாம் முடிந்தால் கஸ்டம்ஸ் 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுக்கும். இன்னொரு பக்கம் கப்பல் கம்பெனி 'டெலிவரி ஆர்டர்' கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முனையம் கேட் பாஸ் தரும். அதற்குப் பிறகே லாரிக்கு வேலை. பெர்ட் படம் அப்படியே கண்முன் நிற்கிறது அல்லவா?

முன்பு இது முழுக்கக் காகிதம். 1995-ல் டெல்லியில் கஸ்டம்ஸ் கணினிமயம் சோதனையாகத் தொடங்கியது, பிறகு மற்ற கஸ்டம்ஸ் அலுவலகங்களுக்குப் பரவியது. 2018 டிசம்பரில் இந்தியத் துறைமுகங்கள் சங்கம் 'பி.சி.எஸ்.1எக்ஸ்' என்ற பொதுத் தளத்தைக் கிளவுட்டில் கொண்டுவந்தது. கப்பல் ஏஜெண்ட், துறைமுகம், கஸ்டம்ஸ் புரோக்கர், வங்கி எல்லோரும் ஒரே இடத்தில் தகவல் பரிமாறுவதற்கு. 2023 ஜனவரியில் அதன் அடுத்த கட்டமாக தேசிய லாஜிஸ்டிக்ஸ் போர்ட்டல் (மரைன்) வந்தது. இடையில் 2020 ஜூன் 8 அன்று, அதிகாரியும் இறக்குமதியாளரும் நேரில் பார்க்காமலே மதிப்பீடு செய்யும் முறை முதல் கட்டமாகத் தொடங்கியது சென்னையிலும் பெங்களூரிலும்தான்.

சட்டமும் அம்புக்குறியை முன்னால் தள்ளியது. 2021-ல் கஸ்டம்ஸ் சட்டத்தின் 46-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதன்படி பொதுவாக, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். இறக்குமதியாளர் தாமதித்தால் அதற்கு விலை உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

எண்ணூரின் பெல்ட்

வடக்கே கொஞ்சம் போனால் வேறு மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் (2014 முதல் காமராஜர் துறைமுகம்) முதலில் கட்டப்பட்டதே நிலக்கரிக்காக. கப்பலில் வரும் நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியதால் ராயபுரம் பகுதி வீடுகளில் கரித்தூள் படிந்தது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து அந்த நிலக்கரியும் எண்ணூருக்கு மாறியது.

கப்பல் வருவது என்றைக்கோ ஒரு நாள், ஆயிரக்கணக்கான டன்னாக. கொதிகலனுக்கோ ஒவ்வொரு மணி நேரமும் கரி வேண்டும். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு பெரிய கரிக் குவியல். மொத்தமாக வருவதை வாங்கி வைத்து, சீராகக் கொடுப்பது அதன் வேலை. டேட்டா பைப்லைன் என்பதும் இதுதான். மொத்தமாகவோ சிதறலாகவோ வரும் தகவலை ஓரிடத்தில் சேர்த்து, சுத்தம் செய்து, தேவைப்படுபவருக்குத் தேவையான வடிவில் அனுப்பும் பெல்ட். அந்த பெல்ட்டைச் சுற்றியிருக்கும் எண்ணூர்க்காரர்கள் கொடுக்கும் விலை, சாம்பல் படிந்த கழிமுகத்தின் கதை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கிளவுட்டில் ஒரு டாக் லேபர் போர்டு

சரி, இப்போது மென்பொருளுக்கு வருவோம். ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் ஐம்பது டிரெய்லர் வைத்திருக்கும் ஒரு போக்குவரத்துக் கம்பெனி. தினமும் காலை 5 மணிக்கு எந்த டிரைவர் எந்த கண்டெய்னரை எடுக்கப் போக வேண்டும் என்ற பட்டியல் தயாராக வேண்டும். அதற்குக் கப்பல் வரவுப் பட்டியல், கஸ்டம்ஸ் நிலவரம், டெலிவரி ஆர்டர் விவரம் மூன்றும் வேண்டும்.

கிரானில் எழுதினால் எப்படி இருக்கும்? 2 மணிக்குக் கப்பல் பட்டியல், 3 மணிக்குக் கஸ்டம்ஸ் நிலவரம், 4 மணிக்கு இரண்டையும் சேர்த்துப் பட்டியல். ஒரு நாள் 3 மணிக் கோப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி வேலை கவலைப்படாது. நேற்றைய கோப்பை எடுத்துக்கொண்டு அழகான பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிடும். டிரைவர் போவார், கேட்டில் திருப்பி அனுப்பப்படுவார் அல்லது ஓரமாக நிற்பார். கம்ப்யூட்டர் திரையில் எந்தப் பிழையும் தெரியாது. பிழை ரோட்டில் நிற்கும்.

இந்த மாதிரித் தொல்லைகளுக்காகத்தான் ஒர்க்ஃப்ளோ ஷெட்யூலர்கள் வந்தன. 2014-ல் ஏர்பிஎன்பி கம்பெனியில் மாக்ஸிம் போஷெமின் 'ஏர்ஃப்ளோ'வைத் தொடங்கினார். 2015-ல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, 2019-ல் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுத் திட்டமானது. பெர்ட் படத்தை பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்தால், முந்தைய வேலை முடிந்ததா என்று பார்த்து அடுத்ததைத் தொடங்கும். கோப்பு வரும் வரை காத்திருக்கும், தோற்றால் மறுபடி முயலும், அப்போதும் முடியாவிட்டால் ஆளைக் கூப்பிடும்.

இதைத் தானே நிறுவி, பராமரித்து, இரவில் விழுந்தால் எழுப்புவது பெரிய வேலை. அதனால் 2018-ல் கூகுள் 'கிளவுட் கம்போஸர்' என்றும், 2020-ல் அமேசான் தன் நிர்வகிக்கப்பட்ட ஏர்ஃப்ளோ சேவை என்றும் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கின. ஒவ்வொரு ஸ்டீவடோரும் தன் மேஸ்திரியை வைத்துக்கொள்வதற்குப் பதிலாக எல்லோருக்கும் பொதுவாக ஒரு போர்டு வைத்த மாதிரி.

ஏற்றும் முறை பார்க்க எளிது. படம் எழுதிய பைத்தான் கோப்பைக் கிளவுட்டில் ஒதுக்கப்பட்ட ஒரு சேமிப்புத் தொட்டியின் குறிப்பிட்ட ஃபோல்டரில் போட வேண்டும். ஷெட்யூலர் அந்த ஃபோல்டரை அடிக்கடி எட்டிப் பார்த்து, புதிய கோப்பை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

முதலில் நேரம். இந்த ஷெட்யூலர்கள் மாற்றிச் சொல்லாவிட்டால் உலகப் பொது நேரத்தில் (யூ.டி.சி.) ஓடும். காலை 6 என்று எழுதினால் நம் ஊரில் 11.30-க்கு ஓடும். காலை டூட்டி டிரைவருக்குப் பட்டியல் மதியச் சாப்பாட்டுக்கு வரும்! மதராஸ் நேரமா பம்பாய் நேரமா என்ற ராயபுரம் காலத்துக் கேள்வி இன்னும் சாகவில்லை.

இரண்டாவது, ஒரே வேலை இரண்டு முறை ஓடுவது. தோற்ற வேலையை ஷெட்யூலர் மறுபடி ஓட்டும். முதல் முறை பாதி எழுதிவிட்டுத் தோற்றிருந்தால்? ஒரே வவுச்சரை லெட்ஜரில் இரண்டு முறை பதிந்த கதைதான். ஒரே கண்டெய்னருக்கு இரண்டு டிரைவர் போவார்கள். எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுத வேண்டும்.

மூன்றாவது, பழைய பாக்கி. தொடக்கத் தேதியை ஆறு மாதம் முன்பு என்று எழுதினால், ஏர்ஃப்ளோ 2 வரையிலான பதிப்புகள் அந்த ஆறு மாத வேலையையும் வரிசையாக ஓட்டித் தீர்க்கும், வேண்டாம் என்று சொல்லாவிட்டால். 2025-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இந்த வழக்கம் மாறியது. நான்காவது, கடவுச்சொற்களைக் கோப்பிலேயே எழுதி வைக்கக் கூடாது, அதற்கென்று இருக்கும் பெட்டகத்தில் வைக்க வேண்டும். ஐந்தாவது, நேரடியாக அசல் இடத்தில் ஏற்றாமல் தனிச் சோதனை இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பில் யாருக்கு?

இப்போது மாதக் கடைசி. கிளவுட் கம்பெனியிடமிருந்து பில் வருகிறது. காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேலே சொன்ன சேவைகளின் வழக்கமான வடிவில் கட்டணம் மணிக்கணக்கு. பைப்லைன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஷெட்யூலர் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் காசு. நம் உதாரணக் கம்பெனிக்கு விடிகாலையில் மூன்று மணி நேர வேலைதான். மீதி 21 மணி நேரம் அது சும்மா காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கும் பணம் கட்டியாக வேண்டும். யாரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை. தயாராக நிற்பதும் ஒரு சேவைதானே!

வரிசையாகப் பாருங்கள். சரக்கு ஏற்றி இறக்கும் தாமதத்தால் கப்பல் ஒப்பந்த நேரத்துக்கு மேல் நின்றால் டெமரேஜ். காலிக் கண்டெய்னரைத் திருப்பித் தர நாளானால் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன். பெட்டி யார்டில் கிடந்தால் முனையத்துக்கு வாடகை. தாக்கல் தாமதமானால் அரசுக்குக் கட்டணம். கிளவுட் ஷெட்யூலர் சும்மா நின்றால் அதற்கும் பில். 1956-ல் டாக் வாசலில் வேலை கிடைக்காமல் நின்ற தொழிலாளிக்கும் படி.

ஜீரோ கேட் ரோட்டில் நிற்கும் டிரைவருக்கு? பெரும்பாலும் டிரிப் கணக்கில்தான் அவருக்குப் படி. ஒரு டிரிப் ஆறு மணி நேரத்தில் முடிந்தாலும் ஒன்றுதான், இரண்டு நாள் ஆனாலும் ஒன்றுதான். லாரி முதலாளி 'ஹால்டிங்' கேட்கலாம். கிடைப்பதும் கிடைக்காததும் பேரத்தைப் பொறுத்தது, கிடைத்தாலும் அது டிரைவர் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. இந்தச் சங்கிலியில் கணக்கில் எழுதப்படாத காத்திருப்பு இது ஒன்றுதான். அதனால்தான் அது குறையவும் மாட்டேன் என்கிறது. செலவு இல்லாத ஒன்றைக் குறைக்க யார் மெனக்கெடுவார்கள்?

1956-ல் இதைச் செய்யக் கணினி இல்லை. பதிவேடும் பேனாவும் வைத்துக்கொண்டு, யார் வந்தார், யாருக்கு வேலை கிடைக்கவில்லை என்று எழுதிப் படி கொடுத்தார்கள். இன்று கேட்டில் வண்டி நுழையும் நேரம் பதிவாகிறது. வண்டியின் ஜி.பி.எஸ். அது எப்போது வரிசையில் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டையும் கழித்தால் காத்திருந்த மணி நேரம். பைப்லைனில் கூடுதலாக ஒரே ஒரு வேலை, பட்டியலில் ஒரே ஒரு காலம். இதைவிடச் சிக்கலான கணக்கை எல்லாம் அந்த மென்பொருள் தினமும் போடுகிறது.

தொழில்நுட்பத்தில் குறை எதுவும் இல்லை. அந்தக் காலத்தை யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். தவறான பட்டியலை நம்பிக் கேட் வரை போய்த் திரும்பும் டிரைவருக்கும் ஏமாற்றத்துக்குக் கூலி கொடுக்கலாம் என்று ஒரு துறைமுகம் ஏற்கெனவே ஒரு முறை யோசித்திருக்கிறது. அது வேறெங்கோ இல்லை, இதே சுவருக்கு உள்ளேதான்.